சாட்சியைப் பார்க்காத நீதிபதி

2014 அக்டோபர் 7, செவ்வாய்க்கிழமை. பெங்களூரு கப்பன் பூங்காவை ஒட்டி நிற்கும் சிவப்புக் கட்டடத்தை உள்ளூரில் அட்டாரா கச்சேரி என்பார்கள். கர்நாடக உயர் நீதிமன்றம் இயங்குவது அங்கேதான். அன்று காலையிலிருந்தே அதன் சுற்றுவட்டாரத்தில் கரைவேட்டிகள் நடமாடின. சொத்துக்குவிப்பு வழக்கில் பத்து நாள் முன்பு தண்டனை பெற்று, பரப்பன அக்ரஹாரா சிறையில் இருந்த ஜெயலலிதாவின் ஜாமீன் மனு நீதிபதி ஏ.வி. சந்திரசேகரா முன் விசாரணைக்கு வந்தது. ஜெயலலிதா தரப்பில் ராம் ஜெத்மலானி வாதாடினார். எதிர்த்து வாதாட வேண்டியவர் சிறப்பு அரசு வழக்கறிஞர் பவானி சிங். அவரோ எழுந்து, நிபந்தனையோடு ஜாமீன் கொடுப்பதில் தமக்கு ஆட்சேபம் இல்லை என்றார்.

செய்தி வெளியே பாய்ந்தது. பட்டாசு வெடித்தது, இனிப்பு கைமாறியது, சில தொலைக்காட்சிகள் ஜாமீன் கிடைத்துவிட்டதாகவே எழுத்து ஓட்டின. கொஞ்ச நேரத்தில் நீதிபதி மனுவைத் தள்ளுபடி செய்தார். கொண்டாடியவர்களைக் குறை சொல்ல முடியாது. கேட்டவரும் கொடுக்கலாம் என்கிறார், தடுக்க வேண்டியவரும் கொடுக்கலாம் என்கிறார், மூன்றாமவர் எதற்கு மறுக்கப்போகிறார் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். அந்த மூன்றாமவருக்கு இருந்த ஒரு வேலையை மறந்துவிட்டார்கள். அவர் காரணம் எழுத வேண்டும். ஊழல் வழக்கில் தண்டனை பெற்றவருக்குத் தண்டனையை நிறுத்திவைக்க, இன்ன காரணத்தால் என்று தம் கையெழுத்துக்கு மேலே ஒரு பத்தி வேண்டும். அரசு வழக்கறிஞரின் 'ஆட்சேபம் இல்லை' அந்தப் பத்தியை அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை. பத்து நாள் கழித்து, அக்டோபர் 17 அன்று, உச்ச நீதிமன்றத்தில் ஃபாலி நாரிமன் வாதாடிய பிறகுதான் ஜாமீன் கிடைத்தது.

வக்கீல் எப்படி ஒரு மனத்தை மாற்றுகிறார் என்பதைப் பற்றி நமக்குள்ள படங்கள் பெரும்பாலும் திரையரங்கிலிருந்து வந்தவை. 1952-ல் 'பராசக்தி'யின் கூண்டிலிருந்து தொடங்கிய பழக்கம் அது. 'கௌரவம்' படத்து பாரிஸ்டரைப் பார்த்துச் சட்டக் கல்லூரிக்குப் போனவர்கள் உண்டு. 1984-ல் 'விதி' படத்தின் நீதிமன்ற வசனங்கள் ஒலிநாடாவாக வந்து டீக்கடை, கல்யாண வீடு என்று தெருத்தெருவாய் ஒலித்தன. அந்தக் கோர்ட்டில் வக்கீல் குரலை உயர்த்துவார், சாட்சி குமுறி அழுவார், நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். பெங்களூருவில் சொத்துக்குவிப்பு வழக்கு நடந்த விதத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அந்த வழக்கின் முக்கியமான தீர்ப்பை எழுதிய நீதிபதி, அரசுத் தரப்புச் சாட்சிகளில் ஒருவரைக்கூடக் கூண்டில் நிற்கப் பார்த்ததில்லை.

பன்னிரண்டு பேரும் ஒருவரும்

உணர்ச்சியால் வெல்லும் கோர்ட் நம்மிடமும் ஒரு காலத்தில் இருந்தது. அங்கே ஜூரி இருந்தார்கள். ஆங்கிலேய வழக்கத்தில் பன்னிரண்டு பேர், இங்கே பெரும்பாலும் ஒன்பது பேர். சென்னையில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் குற்றவாளிகள் என்றது ஜூரிதான். பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி 1947-ல் விடுதலையாகி வருவதற்குள் பாகவதரின் திரை வாழ்வே முடிந்துபோயிருந்தது. பம்பாயில் 1959-ல் கடற்படை கமாண்டர் நானாவதி, தம் மனைவியோடு தொடர்பு வைத்திருந்தவரைச் சுட்டுக் கொன்றார். வெள்ளைச் சீருடையும் பதக்கங்களும் அணிந்து கோர்ட்டுக்கு வந்தார், 'பிளிட்ஸ்' பத்திரிகை அவருக்காகவே வாராவாரம் முழங்கியது, ஜூரி எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் குற்றமில்லை என்றது. செஷன்ஸ் நீதிபதிக்கு அதை ஏற்க மனம் வரவில்லை. உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே 1960-ல் ஆயுள் தண்டனை, 1961-ல் உச்ச நீதிமன்றத்திலும் அதுவே உறுதியானது. அதன்பின் ஜூரி முறை தேய்ந்து, 1973-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதற்கு இடமே இல்லாமல் போயிற்று.

நானாவதி வழக்கில் கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்காக அரசுத் தரப்புக்குத் துணை நின்ற இளம் வக்கீல் ராம் ஜெத்மலானி. ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து அட்டாரா கச்சேரியில் ஜெயலலிதாவுக்காக எழுந்து நின்றவரும் அவரே. ஒரே வக்கீலின் தொழில் வாழ்வுக்குள் இந்திய நீதிமன்றத்தில் யாரைச் சம்மதிக்க வைக்க வேண்டும் என்பது தலைகீழாக மாறிவிட்டது. ஜூரிக்குக் காரணம் சொல்லும் கடமை கிடையாது, 'குற்றவாளி' அல்லது 'இல்லை' என்றால் போதும். நீதிபதி அப்படி எழுந்து போக முடியாது. முடிவு செய்ய வேண்டிய கேள்வி என்ன, முடிவு என்ன, அதற்குக் காரணம் என்ன என்று மூன்றையும் தீர்ப்பில் எழுதியாக வேண்டும் என்கிறது சட்டம். அதனால்தான் தேர்ந்த வக்கீல், நீதிபதியின் மனத்தைவிட அவருடைய பேனாவைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறார்.

எழுபத்தாறு பேர் திரும்பி வந்தார்கள்

ஜெயலலிதா வழக்கின் கதை தமிழ் வாசகர்களுக்கு மனப்பாடம் என்பதால் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1996 ஜூனில் சுப்பிரமணியன் சுவாமி கொடுத்த புகார். 1991 ஜூலை 1 முதல் 1996 ஏப்ரல் 30 வரை முதலமைச்சராக இருந்த காலத்தில் வருமானத்துக்கு மீறி 66.65 கோடி ரூபாய் சொத்து என்று 1997-ல் குற்றப்பத்திரிகை. ஜெயலலிதா, சசிகலா, சுதாகரன், இளவரசி என நான்கு பேர் மீது குற்றச்சாட்டு. 2000 ஆகஸ்டுக்குள் சென்னையில் 250 அரசுத் தரப்புச் சாட்சிகளை விசாரித்து முடித்திருந்தார்கள்.

2001-ல் ஆட்சி மாறி ஜெயலலிதா மறுபடி முதலமைச்சரானார். அடுத்த இரண்டு ஆண்டுக்குள், ஏற்கெனவே சாட்சி சொல்லிவிட்டுப் போன 76 பேர் மறுபடி கூண்டுக்கு அழைக்கப்பட்டார்கள், குறுக்கு விசாரணைக்காக. அவர்களில் 64 பேர் முன்பு சொன்னதிலிருந்து பின்வாங்கினார்கள். அரசு வழக்கறிஞர் அவர்களைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கக் கேட்கவில்லை, மறு விசாரணையும் செய்யவில்லை. அது போதாதென்று, குற்றம் சாட்டப்பட்டவரை நேரில் நிறுத்திக் கேட்க வேண்டிய கேள்விகளைத் தாளில் எழுதி வீட்டுக்கே அனுப்பவும் ஏற்பாடானது. தி.மு.க. பொதுச்செயலாளர் க. அன்பழகன் உச்ச நீதிமன்றம் போனார். நீதிபதிகள் எஸ்.என். வரியவா, எச்.கே. சேமா அமர்வு 2003 நவம்பர் 18 அன்று வழக்கைப் பெங்களூருக்கு மாற்றியது. பின்வாங்கிய சாட்சிகளை மறுபடி அழைக்கவும், பிறழ் சாட்சிகளாக அறிவிக்கக் கேட்கவும் புதிய அரசு வழக்கறிஞருக்கு உரிமை உண்டு என்றும் சொன்னது.

குறுக்கு விசாரணையின் உளவியலைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான பாடம் வேண்டாம். முதல் விசாரணையில் வக்கீல் பதிலை வாயில் ஊட்டக் கூடாது, குறுக்கு விசாரணையில் ஊட்டலாம். ஊட்டும் கேள்வி என்னவெல்லாம் செய்யும் என்று அமெரிக்காவில் எலிசபெத் லாஃப்டஸ் 1974-ல் காட்டினார். கார்கள் மோதும் ஒரே படத்தைப் பார்த்த மாணவர்களிடம், கார்கள் 'நொறுங்க இடித்தபோது' என்ன வேகம் என்று கேட்டால் மணிக்குச் சுமார் 41 மைல் என்றார்கள். 'தொட்டபோது' என்று கேட்டால் 32 ஆகிவிட்டது. படம் ஒன்றுதான், கேள்வியில் இருந்த வினைச்சொல் மட்டும் வேறு. உண்மை சொல்ல நினைக்கும் மனிதருக்கே இந்த நிலை. முன்பு சாட்சி சொன்னபோது எதிர்க்கட்சியாக இருந்தவர் இப்போது முதலமைச்சர் என்றால், கேள்வியில் எந்த வினைச்சொல்லும் தேவைப்படாது. சாட்சிக் கூண்டில் ஏறும் அரசு ஊழியருக்கு அடுத்த மாதச் சம்பளமும் மாற்றல் உத்தரவும் ஞாபகத்தில் இருக்கும்.

இதற்கு நம் சட்டம் ஒரு விடை வைத்திருக்கிறது. பிறழ்ந்த சாட்சியின் வாக்குமூலம் முழுக்கக் குப்பைக்குப் போவதில்லை, நம்பத்தக்க பகுதியை எடுத்துக்கொள்ளலாம். மத்தியப் பிரதேசத்தின் குஜ்ஜி வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. முதல் விசாரணைக்கும் குறுக்கு விசாரணைக்கும் நடுவே கிடைத்த ஒரு மாத இடைவெளியில் சாட்சி வளைக்கப்பட்டிருக்கலாம் என்று கருதி, முதலில் சொன்னதையே ஏற்றது. அங்கே ஒரு மாதம், சென்னையில் ஆண்டுக் கணக்கு, நடுவே ஒரு தேர்தல் வேறு.

முகம் தெரியாத தீர்ப்பு

பெங்களூருவில் வழக்கு வந்து சேர்ந்த பிறகு நடந்தது விசித்திரமானது. சாட்சியம் தமிழில். கன்னட நாட்டு நீதிபதிகளுக்காகப் பல்லாயிரம் பக்கங்கள் ஆங்கிலத்துக்குப் போக வேண்டியிருந்தது. அந்த மொழிபெயர்ப்பைப் பற்றியே தனியாகச் சண்டை நடந்தது. நீதிபதிகள் ஒருவர் பின் ஒருவராக மாறினார்கள். வாய்தா என்ற சொல்லைத் தமிழ்நாட்டுக் குழந்தைகள்கூடக் கற்றுக்கொண்டது இந்தக் காலத்தில்தான். 2011 அக்டோபர், நவம்பரில் ஜெயலலிதா பரப்பன அக்ரஹாராவுக்கு நான்கு நாள் வந்து 1,339 கேள்விகளுக்கு நேரில் பதில் சொன்னார். எதிர்த்தரப்புச் சாட்சிகள் 99 பேர். எல்லாம் முடிந்த பிறகு, 2013 இறுதியில்தான் ஜான் மைக்கேல் குன்ஹா சிறப்பு நீதிபதியாக வந்து அமர்ந்தார். அவர் மேசைமேல் இருந்தவை 259 அரசுத் தரப்புச் சாட்சிகளின் வாக்குமூலம், 2,300-க்கு மேற்பட்ட சான்றாவணங்கள், 1,600-ஐ ஒட்டிய சான்றுப் பொருள்கள். சாட்சிகளின் முகங்கள் மட்டும் இல்லை.

இது பெரிய குறை என்று எந்த வக்கீலும் சொல்வார். சாட்சியின் நடத்தை, தடுமாற்றம், கண் போகும் திசை எல்லாவற்றையும் நேரில் பார்க்கிற விசாரணை நீதிபதிக்கே உண்மை தெரியும் என்பது நம் சட்டப் புத்தகங்களின் பழைய நம்பிக்கை. சாட்சியின் நடவடிக்கையைப் பற்றி நீதிபதி குறிப்பு எழுதி வைக்கலாம் என்று சட்டப் பிரிவே உண்டு. மேல்முறையீட்டு நீதிபதிகள், விசாரணை நீதிபதி பார்த்ததை நாங்கள் பார்க்கவில்லை என்று தயங்குவதும் இதனால்தான்.

எனக்கு இதில் சந்தேகம் உண்டு. சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற இரு உளவியலாளர்கள், பொய்யைக் கண்டுபிடிக்கும் மனிதத் திறமையைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2006-ல் கூட்டிப் பார்த்தார்கள். முகத்தையும் பேச்சையும் வைத்து இவர் சொல்வது பொய்யா மெய்யா என்று ஊகிப்பவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 54 முறை சரியாகச் சொன்னார்கள். காசைச் சுண்டிப் போட்டாலே 50 கிடைக்கும். வியர்வை, திக்கல், தலைகுனிவு எல்லாம் பயத்தின் அடையாளங்கள். பெங்களூரு சிட்டி சிவில் கோர்ட் வளாகத்தில் முதன்முறை கூண்டேறும் எந்தக் கிராமத்து மனிதருக்கும் அவை வரும், பழகிய பொய்யருக்கு வராது. அப்படியென்றால் முகம் தெரியாமல் காகிதத்தை மட்டும் படித்த நீதிபதி நட்டமடைந்தாரா, தப்பித்தாரா? 64 பேர் ஒரே திசையில் திரும்பியதை அவர் காகிதத்தில் தேதியோடு பார்த்தார். முதல் வாக்குமூலம் இன்ன தேதி, திரும்பியது இன்ன தேதி, பக்கத்திலேயே வங்கி ஆவணம். தேதிகளுக்கு முகபாவம் கிடையாது.

2014 செப்டம்பர் 27 சனிக்கிழமை. பரப்பன அக்ரஹாரா சிறை வளாகத்திலேயே கோர்ட்டை மாற்றி அமைத்துத் தீர்ப்பு வாசிக்கப்பட்டது. நான்கு ஆண்டுச் சிறை, ஜெயலலிதாவுக்கு 100 கோடி ரூபாய் அபராதம், மற்ற மூவருக்கும் ஆளுக்குப் பத்துக் கோடி. வருமானத்துக்கு மீறிய சொத்து 53.60 கோடி என்று குன்ஹா கணக்கிட்டார்.

எண்ணும் ஒரு வாதம்

66.65 என்ற எண்ணை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பொதுமக்கள் மனத்தில் இந்த வழக்கு என்றால் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட புடவைகளும் 750 ஜோடி செருப்பும்தான். 1996 டிசம்பரில் போயஸ் தோட்டத்துச் சோதனைக் காட்சிகள் தொலைக்காட்சியில் ஓடிய ஓட்டம் அப்படி. வழக்கின் மொத்தக் கணக்கில் புடவையும் செருப்பும் சிறு துளி. பணம் எல்லாம் கட்டடத்திலும் நிலத்திலும் வங்கிக் கணக்குகளுக்கு இடையே நடந்த போக்குவரத்திலும் இருந்தது. ஜூரி உட்கார்ந்திருந்தால் அரசு வழக்கறிஞர் செருப்பிலிருந்து தொடங்கியிருப்பார். நீதிபதியின் முன் தொடங்க வேண்டிய இடம் கூட்டல் பட்டியல்.

முதலில் காதில் விழும் எண், பிறகு போடும் கணக்கைத் தன் பக்கம் இழுக்கும் என்பது உளவியலில் நிலைபெற்ற முடிவு. டானியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி 1974-ல் நங்கூரம் என்று சொல்லி எழுதியது. நீதிமன்றத்தில் பழுத்தவர்கள் இதற்கு அகப்பட மாட்டார்கள் என்று நினைப்போம். ஜெர்மனியில் பிர்ட்டே எங்லிஷும் கூட்டாளிகளும் 2006-ல் வெளியிட்ட சோதனை அந்த நினைப்பைக் குலைத்தது. சட்டத் தொழிலில் இருப்பவர்களிடம் ஒரு கடைத் திருட்டு வழக்கைக் கொடுத்து, தண்டனையைச் சொல்வதற்கு முன் தாயக்கட்டைகளை உருட்டச் சொன்னார்கள். 3 அல்லது 9 மட்டுமே விழும்படி செய்த கட்டைகள் அவை. 3 விழுந்தவர்கள் சராசரியாக ஐந்து மாதத்தைச் சற்றுத் தாண்டிய தண்டனையும், 9 விழுந்தவர்கள் ஏறத்தாழ எட்டு மாதமும் சொன்னார்கள். அந்த எண் தங்கள் கையாலேயே உருட்டிய தாயம் என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் இழுத்தது.

அரசுத் தரப்பின் நங்கூரம் 66 கோடி என்றால், எதிர்த்தரப்புக்கும் ஒன்று இருந்தது. பத்துச் சதவீதம். எழுபதுகளில் உச்ச நீதிமன்றம் முடித்த கிருஷ்ணானந்த் அக்னிஹோத்ரி வழக்கில், மிகுதிச் சொத்து வருமானத்தில் பத்துச் சதவீதத்துக்கும் குறைவு என்பதால் அவருக்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுத்தார்கள். ஜெயலலிதா தரப்பின் ஆண்டுக்கணக்கான உழைப்பை ஒரு வரியில் சொல்வதென்றால், எப்படியாவது அந்தப் பத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது. 'நமது எம்.ஜி.ஆர்.' பத்திரிகையின் சந்தா டெபாசிட் திட்டம், ஐதராபாத் திராட்சைத் தோட்டம், 1992 பிறந்த நாளுக்கு வந்த டிமாண்ட் டிராஃப்டுகள் என்று வருமானப் பக்கத்தை ஏற்றுவதும், கட்டடச் செலவையும் கல்யாணச் செலவையும் இறக்குவதும் அதற்காகத்தான்.

கல்யாணச் செலவு எப்படி இறங்கியது என்பதே தனிப் பாடம். 1995 செப்டம்பர் 7 அன்று சென்னையில் நடந்த சுதாகரனின் திருமணத்தை ஊரே பார்த்தது. அரசுத் தரப்பு 6.45 கோடி என்றது. குன்ஹா 3 கோடி என்று வைத்துக்கொண்டார். உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீட்டைக் கேட்ட நீதிபதி சி.ஆர். குமாரசாமி 28.68 லட்சமாக இறக்கினார். கல்யாணச் செலவைப் பெண் வீட்டார் ஏற்பது இந்துக் குடும்ப வழக்கம் என்பது அங்கே செல்லுபடியான வாதங்களில் ஒன்று. எந்த ஆவணமும் செய்ய முடியாததை அந்த வாதம் செய்தது. கோர்ட்டுக்கு வெளியே, தம் வீட்டுக் கல்யாணங்களில், நீதிபதி ஏற்கெனவே அறிந்திருந்த ஒன்றை அது துணைக்கு அழைத்தது. புதிதாக ஒன்றை நம்ப வைப்பதைவிட, நம்பியிருப்பதை ஞாபகப்படுத்துவது எளிது. அனுபவப்பட்ட எந்த சிவில் வக்கீலும் பாகப்பிரிவினை வழக்கில் தினமும் செய்வது இதைத்தான். பெண்ணைப் பெற்றவர் செலவழிப்பது உலக வழக்கம் என்பது சரி, லட்சக்கணக்கானோர் பந்தியில் உட்கார்ந்த அந்தக் கல்யாணம் உலக வழக்கமா என்ற கேள்வி இன்னும் பலமாக எழுந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

2015 மே 11 அன்று 919 பக்கத் தீர்ப்பில் நால்வரும் விடுதலை. வருமானம் 34,76,65,654 ரூபாய். சொத்து 37,59,02,466. மிகுதி 2,82,36,812. அதாவது 8.12 சதவீதம். பத்துக்குள் வந்துவிட்டது.

உடனே பேச்சு கிளம்பியது. தீர்ப்பின் 852-ஆம் பக்கத்தில் வங்கிக் கடன்களின் பட்டியல் ஒன்று இருந்தது. கடனாக வாங்கிய பணம் வருமானப் பக்கத்தில் சேரும், ஆகவே பட்டியல் பெருத்தால் மிகுதி சுருங்கும். பட்டியலின் அடியில் இருந்த மொத்தம் 24,17,31,274. மேலே உள்ள தொகைகளைக் கூட்டினால் வருவது 10,67,31,274. வித்தியாசம் துல்லியமாக 13 கோடியே 50 லட்சம். அதைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டால் மிகுதி 16.32 கோடி, சதவீதம் 76-ஐத் தாண்டுகிறது. இதை உரக்கச் சொன்னவர் அரசுத் தரப்பு வக்கீல் பி.வி. ஆச்சார்யா. பள்ளிக்கூடக் கூட்டல்தான், ஆனால் வழக்கின் முடிவே அந்த ஒரு வரியில் தொங்கியது. கூட்டலில் பிசகு யாருக்கும் வரும். மனம் எதிர்பார்த்த விடை வந்துவிட்டால் கை மறுபடி கூட்டிப் பார்ப்பதில்லை, எதிர்பாராத விடை வந்தால் மூன்று முறை கூட்டும். கணக்குப் பிள்ளைகள் முதல் விஞ்ஞானிகள் வரை எல்லோருக்கும் உள்ள பழக்கம் இது. எந்த எண்ணை நீதிபதி எதிர்பார்க்கும்படி ஆக்குகிறோம் என்பதில்தான் வக்கீலின் வேலை ஒளிந்திருக்கிறது.

பதினெட்டுப் பக்கம்

ஆச்சார்யாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. உடுப்பிப் பக்கத்துக்காரர். கர்நாடகத்தின் அட்வகேட் ஜெனரலாக ஐந்து முறை இருந்தவர். 2005-ல் இந்த வழக்கின் சிறப்பு அரசு வழக்கறிஞரானார். அட்வகேட் ஜெனரல் பதவியா இந்த வழக்கா, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்று 2012-ல் நெருக்கடி வந்தபோது பதவியை விட்டார். அதே ஆண்டு, அழுத்தம் தாங்காமல் வழக்கையும் விட்டார். அடுத்து வந்தவர்தான் பவானி சிங்.

மேல்முறையீட்டு விசாரணை உயர் நீதிமன்றத்தில் முடிந்து தீர்ப்புக்காகக் காத்திருந்தபோது, 2015 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் ஒன்றைச் சொன்னது. மேல்முறையீட்டில் பவானி சிங் ஆஜரானது சட்டப்படி செல்லாது, ஆனால் மறுபடி வாதம் கேட்கத் தேவையில்லை. கர்நாடக அரசும் அன்பழகனும் எழுத்தில் வாதத்தைக் கொடுக்கலாம், நீதிபதி அதைப் பரிசீலிக்க வேண்டும். கர்நாடகம் ஆச்சார்யாவைத் திரும்ப அழைத்தது. அவர் மறுநாளே 18 பக்கங்களைத் தாக்கல் செய்தார். எழுந்து நின்று ஒரு சொல் பேச வாய்ப்பில்லை. எதிர்த்தரப்போ வாரக்கணக்கில் பேசி முடித்திருந்தது.

பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள போட்டியில் அன்று எழுத்து தோற்றது. இரண்டு ஆண்டில் கணக்கு மாறியது. கர்நாடகத்தின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றத்தில் துஷ்யந்த் தவே வாதாட, ஆச்சார்யா துணை நின்றார். 2017 பிப்ரவரி 14 அன்று நீதிபதிகள் பினாகி சந்திர கோஷ், அமிதவா ராய் அமர்வு குன்ஹாவின் தீர்ப்பை மீட்டது. கடன் பட்டியலை அவர்களே கூட்டிப் பார்த்தார்கள், 10.67 கோடிதான் வந்தது. பத்துச் சதவீத நங்கூரத்தையும் அந்த வழக்குக்கு மட்டும் உரியது என்று அறுத்துவிட்டார்கள். ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 அன்றே இறந்துவிட்டதால் அவர்மீதான மேல்முறையீடு அற்றுப்போனது. மற்ற மூவரும் மறுநாள் பரப்பன அக்ரஹாராவுக்குப் போனார்கள்.

குன்ஹாவும் சரி, டெல்லியில் இருந்த இருவரும் சரி, சாட்சிகளைப் பார்க்காதவர்கள். குமாரசாமியும் பார்க்காதவர்தான். ஆக, காகிதம் மட்டும் இருந்தால் நியாயம் தானாக வந்துவிடும் என்று நான் சொன்னால் என் வாதமே என்னை அடிக்கும். ஒரே காகிதத்திலிருந்து ஒருவர் 53 கோடியும் இன்னொருவர் 2 கோடியே 82 லட்சமும் எடுத்தார்கள். ஆனால் காகிதத்தில் நடந்த பிழையை இன்னொருவர் காகிதத்தை வைத்தே பிடிக்க முடிந்தது. முகத்தைப் பார்த்து எடுத்த முடிவில் பிழை இருந்திருந்தால் 852-ஆம் பக்கம் என்று விரல் வைத்துக் காட்ட எதுவும் இருந்திருக்காது.

மனத்தைத் திறக்கும் ஊசி

இதே பெங்களூரு, முகத்தையும் தாண்டி மூளைக்குள்ளேயே எட்டிப் பார்க்க ஆசைப்பட்ட ஊர். இரண்டாயிரங்களின் முதல் பத்தாண்டில் நாட்டின் எந்த மூலையில் பெரிய வழக்கு என்றாலும் குற்றம் சாட்டப்பட்டவரை மடிவாளாவில் உள்ள தடய அறிவியல் ஆய்வகத்துக்குக் கூட்டிவருவார்கள். சோடியம் பென்டோதால் ஊசி போட்டு, அரை மயக்கத்தில் கேள்வி கேட்பார்கள். போலி முத்திரைத்தாள் வழக்கின் தெல்கி அப்படி உளறிய ஒளிப்பதிவு தொலைக்காட்சிகளில் ஓடியது. நிம்ஹான்ஸில் உளவியல் பேராசிரியராக இருந்த சி.ஆர். முகுந்தன் உருவாக்கிய மூளை மின்னலைச் சோதனையை, 2008-ல் புனே நீதிமன்றம் ஒன்று கொலை வழக்கில் தண்டனைக்கான காரணங்களில் சேர்த்தே எழுதியது.

குறுக்கு விசாரணை என்ற அலுப்பான வேலையைக் குறுக்குவழியில் முடிக்கும் கனவு அது. 2010 மே 5 அன்று, செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையிலான அமர்வு அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. சம்மதம் இல்லாமல் இந்தச் சோதனைகளைச் செய்வது தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்துவதாகும், அரசியல் சட்டத்தின் 20(3), 21 பிரிவுகளுக்கு விரோதம் என்றது. மருந்தின் பிடியில் உள்ளவர் நிஜத்தையும் கற்பனையையும் கலந்து பேசுவார், கேட்பவர் காட்டும் திசையில் போவார் என்பதையும் அந்தத் தீர்ப்பு விரிவாகப் பார்த்தது. ஊட்டும் கேள்விக்கு ஊசியும் சேர்ந்துகொண்டால் என்னவாகும் என்று லாஃப்டஸைக் கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பார்.

இப்போது அந்த ஆசை வேறு வாசல் வழியாக வருகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டங்கள் சாட்சியத்தை ஒலி, ஒளிப்பதிவாக எடுப்பதற்குத் தாராளமாக இடம் கொடுக்கின்றன. இதுவரை காகிதத்தை மட்டும் பார்த்த மேல்முறையீட்டு நீதிபதி இனிச் சாட்சியின் முகத்தையும் பார்க்கலாம். நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, மறுபடி பார்க்கலாம். வக்கீல்களும் விடமாட்டார்கள். 'மை லார்ட், நாற்பத்திரண்டாவது நிமிடத்தில் சாட்சி எச்சில் விழுங்குவதைக் கவனியுங்கள்' என்று வாதாடும் காலம் தூரத்தில் இல்லை. சாட்சியை மிரட்டிக் கேட்டார்களா, பதிலை ஊட்டினார்களா என்று தெரிய அந்தப் பதிவு உதவும், அந்த அளவுக்கு நல்லது. எச்சில் விழுங்கியதற்கு நூற்றுக்கு 54-க்கு மேல் மதிப்பெண் கொடுக்க முடியாது என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து சொல்வாரா என்பதுதான் தெரியவில்லை. அவர் கையிலும் வேறொரு சாட்சியின் நாற்பத்திரண்டாவது நிமிடம் இருக்கும்.